சாம்பல் கல்லுக்கும் ஒரு சோதனைச் சீட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கூடங்குளம் என்று சொன்னால் நம் மாவட்டத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூட கதிர்வீச்சு ஞாபகத்துக்கு வந்துவிடும். ராதாபுரம் பக்கம் எந்தத் தேர்தல் கூட்டத்திலும் அந்தப் பேச்சு இல்லாமல் போகாது. ஆனால் நாம் குடியிருக்கிற வீட்டின் செங்கல், சிமெண்ட், பால்ஸ் சீலிங் பலகை, மனையை மேடாக்கக் கொட்டுகிற மண் இவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்கிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு கட்டிக் கொடுக்கிற சிவில் இன்ஜினியர் நான். தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லைத்தான் இப்போது பெரும்பாலும் வாங்குகிறேன், இனியும் வாங்குவேன். அதனால் இதைச் சாம்பல் கல்லுக்கு எதிரான கடிதமாக யாரும் படிக்க வேண்டாம். நான் கேட்பது இதைத்தான்: தொழிற்சாலைக் கழிவைக் கட்டுமானப் பொருளாக வெளியே அனுப்புகிறவர்கள், அதில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று அளந்து, அந்த எண்ணை லோடோடு வரும் பில்லில் எழுதிக் கொடுக்க வேண்டும். அளக்கிற செலவு கழிவை உண்டாக்கிய ஆலையின் தலையில் விழ வேண்டும், கல் அறுக்கிற சின்னப் பட்டறைக்காரர் தலையில் அல்ல.

கழிவில் கதிரியக்கம் எப்படி வந்தது என்று கேட்கலாம். எவரும் கொண்டுவந்து கலக்கவில்லை. பூமியிலிருந்து எடுக்கிற எல்லாவற்றிலும் யுரேனியம், தோரியம், அவற்றிலிருந்து பிறக்கிற ரேடியம், அப்புறம் பொட்டாசியம் 40 எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். நிலக்கரியிலும் உண்டு. பதநீரைக் காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் போய்க் கருப்பட்டி மிஞ்சுகிற மாதிரி, நிலக்கரியின் கரி எரிந்து போய்விட, எரியாத இந்தச் சரக்கெல்லாம் சாம்பலில் தங்கிவிடுகிறது. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம், 100 கிலோ எரித்தால் 30, 40 கிலோ மிஞ்சும். அதனால் செறிவு இரண்டரை, மூன்று மடங்கு ஏறும். வெளிநாட்டிலிருந்து வருகிற நிலக்கரியில் சாம்பல் குறைவு, ஆகவே மடங்கு கூடும், ஆனால் அந்தக் கரியில் ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது என்பது வேறு கணக்கு. தூத்துக்குடி உலைகளுக்கு ஒடிசா நிலக்கரியும் வருகிறது, கப்பலில் வெளிநாட்டுக் கரியும் வருகிறது. இந்த மாதச் சாம்பலும் அடுத்த மாதச் சாம்பலும் ஒன்றாக இருக்கும் என்று எதை வைத்துச் சொல்வது? ஒரு தடவை எங்கோ எடுத்த மாதிரியைச் சோதித்த பழைய காகிதத்தைக் காட்டி, எல்லா லோடுக்கும் அதுவே போதும் என்கிற பழக்கம் எனக்கு ஒப்பாததற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது சரக்கு ஜிப்சம். பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தில் கரைத்து பாஸ்பாரிக் அமிலம் எடுக்கிறார்கள், உரத்துக்கு. ஒரு டன் பாஸ்பேட் சத்து எடுத்தால் ஏறக்குறைய 5 டன் ஜிப்சம் கழிவாக விழும். அதைத்தான் பாஸ்போஜிப்சம் என்கிறார்கள். பாறையில் இருந்த யுரேனியத்தில் பெரும்பகுதி அமிலத்தோடு போய்விடும், ரேடியத்தில் 80 சதவீதம் போல ஜிப்சத்தோடு நின்றுவிடும். இங்கேயும் பாறை எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அளவு மாறும். மொராக்கோ, ஜோர்டான் போன்ற இடங்களின் படிவுப் பாறையில் ஒரு அளவு, எரிமலைக் குழம்பு உறைந்த வகைப் பாறையில் அதைவிடக் குறைவு. இந்த ஜிப்சம் எங்கே போகிறது? சிமெண்ட் சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்க 3 முதல் 5 சதவீதம் ஜிப்சம் சேர்ப்பார்கள், அதற்குப் போகிறது. சுவர்ப் பலகை செய்யப் போகிறது. கொச்சியில் பொதுத்துறை உர ஆலையின் ஜிப்சத்தை வைத்து நார் சேர்த்த பெரிய சுவர்ப் பலகைகளே வார்த்திருக்கிறார்கள், சென்னை ஐஐடி அந்த முறையில் வீடு கட்டிக் காட்டியது. சாம்பல் கல் பட்டறையிலும் சாம்பல், எம்-சாண்ட், சுண்ணாம்போடு சுமார் 5 சதவீதம் ஜிப்சம் விழுகிறது. அது எந்த ஆலை ஜிப்சம் என்று ஒரு பட்டறைக்காரரிடம் கேட்டேன். "அது என்னத்துக்கு அண்ணாச்சி? ஒடச்சிப் பாருங்க, கல்லு உறுதியா இருக்கா இல்லையா?" என்றார். கல் உறுதியாகத்தான் இருந்தது. அவர் கொடுத்த சோதனைத் தாளில் நசுக்கு வலிமை, நீர் உறிஞ்சும் அளவு எல்லாம் சரியாகப் போட்டிருந்தது, அதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவருக்குச் சாம்பல் அனுப்பியவர் அவருக்கு எதையும் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் சாம்பல் கல் சுவரைப் போய்த் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நம் கடற்கரையில் மணவாளக்குறிச்சி, கேரளத்தில் சவறை, கருநாகப்பள்ளி இங்கெல்லாம் மோனசைட் மணலில் தோரியம் கிடப்பதால் தரையிலிருந்து வரும் கதிர்வீச்சு உலக சராசரியைவிட எவ்வளவோ மடங்கு அதிகம். கருநாகப்பள்ளி மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றுதான் வந்தது. நாம் தரைக்குப் போடுகிற கிரானைட்டில்கூட சில ரகங்களில் சாம்பல் கல்லைவிட அதிகம் இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாம்பல் கல் வராவிட்டால் அத்தனை செங்கலுக்கும் நம் குளத்து வண்டலும் வயல் மேல்மண்ணும்தான் சூளைக்குப் போயிருக்கும். தாமிரபரணியில் மணல் அள்ளியது போதாதா? கழிவை மறுபடி பயன்படுத்துவது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை.

ஆனால் ஐயா, கடற்கரையில் தரையில் கிடப்பது வேறு, நாலு சுவருக்குள் நாமே அடுக்கி வைப்பது வேறு. ரேடியம் சிதைந்தால் ரேடான் என்ற வாயு வரும். நிறமில்லை, வாசமில்லை. 3.8 நாளில் பாதியாகிவிடும், ஆனால் பின்னாலிருந்து ரேடியம் புதிதாக விட்டுக்கொண்டே இருக்கும், ஏனென்றால் ரேடியம் 226 பாதியாக 1,600 ஆண்டு ஆகும். வெளியில் இருந்தால் காற்றோடு போய்விடும். மூடிய அறைக்குள் தங்கினால் மூச்சோடு நுரையீரலுக்குப் போகும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைக்கு அடுத்த பெரிய காரணம் ரேடான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெக்கரல் என்பது கதிரியக்கத்தை அளக்கிற அலகு, நொடிக்கு ஒரு அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். வீட்டுக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் இருக்க வேண்டும், முடியாத நாடுகளில் 300-ஐத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் பரிந்துரை. நம் பழைய வீடுகளுக்கு முற்றம் உண்டு, தார்சா உண்டு, ஓட்டு இடுக்கில் காற்று வரும். இப்போது நான் கட்டிக் கொடுக்கிற வீட்டில் படுக்கையறைக்கு ஏசி, ஜன்னலுக்குக் கொசுவலை வைத்து யுபிவிசி, கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. சித்திரை வெயிலில் யார் ஜன்னலைத் திறக்கிறார்கள்? நம் ஊர் வெயிலுக்கு ரேடான் கவலை தேவையில்லை, அது பனி பெய்கிற நாட்டுக்காரர்கள் பிரச்சினை என்று சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

வெளிநாட்டில் இந்தப் பாடத்தைப் பணம் கட்டிப் படித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் கிராண்ட் ஜங்ஷன் என்று ஒரு ஊர். அங்கே யுரேனியம் பிரித்தெடுக்கிற ஆலை இருந்தது. பிரித்த பிறகு மிஞ்சும் மணல் பார்க்க அருமையான மணலாக இருக்கும், இலவசம் வேறு. 1950-களிலிருந்து 1966 வரை ஊர்க்காரர்களும் ஒப்பந்தக்காரர்களும் லாரி லாரியாக அள்ளிப்போய் அஸ்திவாரத்துக்கு அடியில் நிரப்பினார்கள், கான்கிரீட்டில் கலந்தார்கள். எவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, கொடுத்தவரும் ஒளித்துக் கொடுக்கவில்லை. அப்புறம்தான் வீடுகளுக்குள் ரேடான் ஏறிக் கிடப்பது தெரிந்தது. 1972-இல் அரசு பணம் ஒதுக்க வேண்டியதாயிற்று, 1978-இல் நாடு முழுவதற்கும் தனிச் சட்டம் வந்தது, ஆயிரக்கணக்கான வீடுகளின் தரையைத் தோண்டி அந்த மணலை வெளியே எடுத்தார்கள். கொட்டும்போது இலவசமாக வந்த மணல், எடுக்கும்போது அரசாங்கக் கஜானாவைத் தின்றது. ஆலைக்காரர் அள்ளிக் கொடுத்தது பத்துப் பதினைந்து வருஷம், தோண்டியது சில பத்தாண்டுகள்.

சுவீடனில் 1929 முதல் 1975 வரை ஒரு வகைக் களிப்பாறையை எரித்து லேசான கான்கிரீட் கல் செய்தார்கள், நீல நிறமாக இருக்கும். அந்தப் பாறையில் யுரேனியம் உண்டு. லட்சக்கணக்கான வீடுகளில் அந்தக் கல் போய்விட்ட பிறகுதான் நிறுத்தினார்கள், இன்றைக்கும் அங்கே வீடு வாங்குகிறவர் அது நீலக் கல் வீடா என்று விசாரிக்கிறார். கிழக்கு ஜெர்மனியில் மான்ஸ்ஃபெல்ட் பகுதியில் தாமிரம் உருக்கிய பிறகு மிஞ்சும் கசட்டை வார்த்துக் கற்களாக்கிச் சாலைக்கும் வீட்டுக்கும் போட்டார்கள், அதிலும் ரேடியம் கணிசமாக இருந்தது. ஜப்பானில் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு வெட்டவெளியில் கிடந்து கதிரியக்கம் படிந்த குவாரி ஜல்லி நிஹோன்மாட்சு என்ற ஊரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் போய்விட்டது, 2012 ஜனவரியில்தான் கண்டுபிடித்தார்கள். அணு உலைப் பயத்தில் ஊரை விட்டு வந்தவர்களில் சிலரும் அந்தக் குடியிருப்பில்தான் இருந்தார்கள். இதற்கு என்னத்தைச் சொல்ல!

கம்பி விஷயம் தனி. அது இயற்கைச் சரக்கு அல்ல, மருத்துவமனை, தொழிற்சாலைக் கருவிகளில் இருக்கிற கோபால்ட் 60 மாதிரியான கதிரியக்க மூலம் பழைய இரும்போடு சேர்ந்து உலைக்குள் போய்விடுவது. மெக்சிகோவில் 1983 கடைசியில் அப்படி உருக்கிய கம்பி, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தைத் தாண்டிப் போன லாரியில் இருந்ததால் அங்கே வைத்திருந்த கருவி கத்தியது, அதனால்தான் வெளியே தெரிந்தது. அந்தக் கம்பி போட்டுக் கட்டிய நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். தைவானில் 1982 முதல் 1984 வரை வந்த கம்பியில் இதே கதை, வெளியே வந்தது 1992-இல், அதற்குள் சுமார் 180 கட்டடங்களில் 10,000 பேர் வரை குடியிருந்து விட்டார்கள். நம் நாட்டிலும் 2010-இல் டெல்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் பல்கலைக்கழகம் ஒன்று ஏலம் விட்ட கருவியிலிருந்த கோபால்ட்டால் ஒருவர் இறந்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் இங்கே உருக்கிய எஃகில் செய்த லிப்ட் பொத்தான்கள் பிரான்சில் போய் மாட்டின. துறைமுகங்களில் கருவி வைத்திருக்கிறார்கள், நல்லது. உள்ளூர்ப் பழைய இரும்பை உருக்குகிற சின்ன உலைகளின் வாசலிலும் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். இதை இதோடு விடுகிறேன், என் கவலை சாம்பலும் ஜிப்சமும் கசடும்தான், அவைதான் லோடு கணக்கில் நம் பக்கம் வருகின்றன.

நம் நாட்டில் விதியே இல்லையா என்றால், இருக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கட்டுமானத்துக்குப் போகும் பாஸ்போஜிப்சத்துக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஒரு கிராமுக்கு ரேடியம் 1 பெக்கரல், அதாவது கிலோவுக்கு 1,000. அதற்கு மேல் இருந்தால் வேறு பொருளோடு கலந்து அந்த அளவுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அமெரிக்காவில் வயலுக்குப் போடுகிற பாஸ்போஜிப்சத்துக்கே வரம்பு கிலோவுக்கு 370 பெக்கரல் போல வரும். சாலைக்கு அடியில் போட 2020-இல் அனுமதி கொடுத்தார்கள், அடுத்த வருஷமே திரும்பப் பெற்றார்கள். ஐரோப்பாவில் இன்னொரு முறை, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஒரு கிலோவில் எத்தனை பெக்கரல் என்று பார்த்து, ரேடியத்தை 300-ஆலும், தோரியத்தை 200-ஆலும், பொட்டாசியத்தை 3,000-ஆலும் வகுத்து மூன்றையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை ஒன்றுக்குள் இருந்தால் அந்தப் பொருளில் கட்டிய வீட்டில் இருப்பவருக்கு அதனால் ஆண்டுக்கு ஒரு மில்லிசீவர்ட்டுக்கு (உடம்பு வாங்குகிற கதிர்வீச்சை அளக்கிற அலகு) மேல் வராது என்று கணக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்குதான்.

போட்டுப் பார்ப்போம். ஒரு சாம்பலில் ரேடியம் 240, தோரியம் 70, பொட்டாசியம் 265 பெக்கரல் என்று வைத்துக்கொள்ளுங்கள், இது நடக்காத அளவு இல்லை. 0.8, 0.35, 0.09, கூட்டினால் 1.24. ஒன்றைத் தாண்டிவிட்டது. ஆனால் கல்லில் சாம்பல் 60 சதவீதம்தான், அப்படிப் பார்த்தால் சாம்பலின் பங்கு 0.74. மிச்ச 40 சதவீதத்தில் சுண்ணாம்பு, ஜிப்சம், எம்-சாண்ட். எம்-சாண்ட் எந்தக் குவாரியில் உடைத்தது, ஜிப்சம் எந்த ஆலையுடையது என்பதைப் பொறுத்து அந்தக் கல் ஒன்றுக்குள் நிற்கலாம், உரசிக்கொண்டும் போகலாம். பெரும்பாலும் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் நினைப்பதை வைத்து வீடு கட்ட முடியுமா? கான்கிரீட்டுக்கு எம்20, எம்25 என்று வலிமை ரகம் பார்க்க க்யூப் போட்டு 28 நாள் காத்திருந்து உடைத்துப் பார்க்கிறோம் அல்லவா, இதற்கும் அப்படி ஒரு எண் வேண்டும். அப்புறம் நம் வாரியத்தின் 1,000 பெக்கரலை அதே ஐரோப்பியக் கணக்கில் போட்டால் ரேடியம் மட்டுமே 3.3 வரும். அதை நேரடியாக ஒப்பிடக் கூடாது என்று எனக்கும் தெரியும், ஐரோப்பியக் கணக்கு தடித்த சுவருக்குப் போட்டது, ஜிப்சம் பலகை மெல்லியது, நிறை குறைவு. இருந்தாலும் முழுச் சுவரையே ஜிப்சத்தில் வார்க்கிற காலம் வந்துவிட்டதால், பலகைக்கு ஒரு கணக்கு, முழுச் சுவருக்கு ஒரு கணக்கு என்று வாரியம் தெளிவாகப் பிரித்துச் சொன்னால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இனி என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். சாம்பலை நாம் விருப்பப்பட்டு மட்டும் வாங்கவில்லை, சட்டம் வாங்கச் சொல்கிறது. 1999-இலிருந்து சாம்பல் பயன்பாட்டு அறிவிக்கை இருக்கிறது, பல தடவை திருத்தினார்கள், 2021 டிசம்பர் 31-இல் புதிதாகவே போட்டார்கள். அனல்மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கிற கட்டுமானத்தில் சாம்பல் பொருட்களைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது அது. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி 50 கிலோமீட்டர், தென்காசியும் கன்னியாகுமரியும் அதே வட்டத்துக்குள். நாம் தப்பவே முடியாது. சிமெண்டிலும் சாம்பல்தான், பிபிசி (போர்ட்லேண்ட் பொசலானா சிமெண்ட்) மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்கலாம் என்று தர நிர்ணயமே இருக்கிறது, ஆகவே நம் ஊரில் சமீபத்தில் கட்டின ஏறக்குறைய எல்லா வீட்டிலும் சாம்பல் இருக்கிறது, சாம்பல் கல்லே வேண்டாம் என்று சூளைச் செங்கல் வாங்கினவர் வீட்டிலும். மறுபக்கம் ஆலைக்கு, விற்காமல் தேங்கிய சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் அபராதம். அதாவது ஆலையை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு டன்னும் ஆலைக்கு 1,000 ரூபாய் மிச்சம். வாங்கு என்று நம்மைக் கட்டாயப்படுத்துகிற சட்டம், அளந்து கொடு என்று அவர்களைக் கட்டாயப்படுத்தினால் என்ன தப்பு? மிச்சமாகிற அந்த 1,000 ரூபாயில் ஒரு துளிதான் சோதனைக்கு ஆகும்.

சோதனை எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஏமாற்ற வழி இருக்கிறது. கையில் பிடிக்கிற மீட்டரைச் சாம்பல் மூட்டைமேல் வைத்து "பாருங்க, ஒண்ணும் இல்ல" என்று காட்டுவார்கள். அந்த மீட்டர் கோபால்ட் மாதிரி பெரிய சரக்கு இருந்தால் கத்தும், சாம்பலில் இருக்கிற சின்ன அளவைப் பிரித்துச் சொல்லாது. ஆன்லைனில் வாங்கி வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். சரியான சோதனைக்கு மாதிரியைக் காற்றுப் போகாத டப்பாவில் அடைத்து ஒரு மாதம் போல வைத்திருக்க வேண்டும், ரேடானும் அதன் பிள்ளைகளும் ரேடியத்தோடு சமநிலைக்கு வர. அப்புறம் காமா நிறமாலைமானியில், அதாவது எந்தத் தனிமத்தின் கதிர் என்று பிரித்துக் காட்டுகிற கருவியில், மணிக்கணக்கில் எண்ண வேண்டும். ஆகவே லாரியை வாசலில் நிறுத்தி வைத்துச் சோதிக்க முடியாது. ஆலையிலேயே சாம்பல் குவியலுக்கு எண் போட்டு, அந்தக் குவியலிலிருந்து மாதிரி எடுத்து, முடிவு வந்த பிறகு அந்த எண்ணோடு வெளியே விட வேண்டும். கப்பல் மாறினால், சுரங்கம் மாறினால் புது எண். ஜிப்சத்துக்கும் அப்படியே, பாறை வந்த நாடு மாறினால் புது எண். இதைச் செய்ய வெளிநாட்டு ஆள் தேவையில்லை. கூடங்குளம் நிலையத்துக்கென்று சுற்றுச்சூழல் ஆய்வகம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, மீனையும் பாலையும் தண்ணீரையும் எடுத்து அளக்கிறார்கள். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது, இயற்பியல் படித்த பிள்ளைகள் வேலை தேடி அலைகிறார்கள். அங்கே ஒரு நல்ல நிறமாலைமானியும் அதை இயக்க நாலு பேருக்குச் சம்பளமும் கொடுத்தால் தென்மாவட்டம் முழுக்கச் சோதிக்கலாம்.

கல்லைவிட எனக்குப் பெரிய பயம் மனை நிரப்புவது. கல்லாவது ஒரு பட்டறையில் கணக்கோடு வருகிறது. தாழ்வான மனையை ரோட்டு மட்டத்துக்கு ஏற்ற, சரள் விலை கூடிப் போனதால், சாம்பல், கசடு, இடித்த மண் எது கிடைத்தாலும் கொட்டுகிறார்கள். ராத்திரி லாரி வரும், காலையில் மேலே ஒரு அடி செம்மண் பரப்பியிருக்கும், முடிந்தது. ரேடான் சுவரிலிருந்து வருவதைவிடத் தரைக்கு அடியிலிருந்து வருவதுதான் அதிகம் என்பதை நினைத்துப் பாருங்கள். சாம்பல் அறிவிக்கையே பள்ளத்தை நிரப்புவதையும் ஒரு பயன்பாடாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தாமிரக் கசடைக் கான்கிரீட்டில் மணலுக்குப் பதில் ஓரளவு சேர்க்க 2016-இலிருந்து இந்தியத் தர நிர்ணயம் இடம் கொடுக்கிறது, அது முறையாக நடந்தால் சரி. ஆனால் தூத்துக்குடி மாவட்டம் புதுக்கோட்டை பக்கம் உப்பாற்று ஓடையில் கசடு கொட்டிக் கிடந்த விவகாரம் நீதிமன்றம் வரை போனதை நாம் மறந்திருக்க முடியாது. லாரி எங்கிருந்து வருகிறது என்று நம் அதிகாரிகள் பார்ப்பார்கள் என்று நம்பச் சொன்னால், 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவு கொட்டப்பட்டதை ஞாபகப்படுத்துவேன். ஊசியும் மருந்துச் சீட்டும் கண்ணுக்குத் தெரிந்ததால் கிராமத்துக்காரர்கள் பிடித்தார்கள், பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு கேரளத்திலிருந்து லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. சாம்பலில் ஊசி இருக்காது, மருந்துச் சீட்டும் இருக்காது.

கடற்கரை மணல் விஷயமும் இதில் சேரும். உவரி, கூட்டப்புளி பக்கமெல்லாம் கார்னெட், இல்மனைட் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற மணலில் மோனசைட் செறிந்துவிடும். 2013-இல் தமிழக அரசு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் தாது மணல் எடுப்பதை நிறுத்தியது. அந்த மிச்ச மணல் ஒரு கூடைகூடக் கட்டுமானத்துக்கு வரக்கூடாது. உப்பு மணல் கம்பியைத் தின்னும் என்று கொத்தனாருக்கே தெரியும், ஆனால் பூச்சு வேலைக்கும் தரை நிரப்பவும் பரவாயில்லை என்று ஒரு பேச்சு அங்கங்கே கேட்கிறேன்.

எதிர்ப்பு வரும், தெரியும். சோதனை, சீட்டு என்று போனால் பட்டறைகள் மூடும், கல் விலை ஏறும், ஏழை வீடு கட்ட முடியாது என்பார்கள். அதனால்தான் ஆரம்பத்திலேயே செலவு ஆலையுடையது என்று எழுதினேன். பட்டறைக்காரர் செய்ய வேண்டியது, வந்த சாம்பலின் எண்ணையும் ஜிப்சத்தின் எண்ணையும் தன் பில்லில் திருப்பி எழுதுவது மட்டும். ஏழை வீடு என்று பேசுகிறவர்களுக்கு இன்னொரு பதில்: கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் வீடு என்று அரசு சொல்லியிருக்கிறது, ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம், 360 சதுர அடி. சின்ன வீடு, காற்று வர இடம் குறைவு, மலிவான பொருள்தான் போகும். பணக்காரர் வீட்டில் இத்தாலி மார்பிளுக்குக் கீழே எது கிடந்தாலும் அவர் நாளைக்குத் தோண்டி எடுத்துக்கொள்வார். இந்த 360 சதுர அடிக்காரர் என்ன செய்வார்? அரசு யாரையும் கேட்க வேண்டியதில்லை, தன் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் போதும். பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை, ஊரக வளர்ச்சித் துறை மூன்றும் சீட்டு இல்லாத சாம்பல் கல்லை வாங்க மாட்டோம் என்று சொன்னால் ஆறு மாதத்தில் எல்லாப் பட்டறையிலும் சீட்டு வந்துவிடும். எம்-சாண்டுக்குச் சான்று கேட்க ஆரம்பித்தபோது குவாரிக்காரர்கள் அப்படித்தான் வழிக்கு வந்தார்கள்.

மாநகராட்சியும் பஞ்சாயத்தும் பிளான் அப்ரூவலுக்கு வாங்குகிற காகிதங்களில் மண் பரிசோதனை கேட்கிறார்கள், மழைநீர்த் தொட்டி கேட்கிறார்கள். மனை நிரப்பிய பொருள் எது, எங்கிருந்து வந்தது என்று ஒரு கட்டமும் அதில் இருக்கட்டும். பொய் எழுதுவார்கள்தான். எழுதி வைத்த பொய்க்காவது நாளைக்கு ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம், எழுதாததற்கு யாரைக் கேட்பது? ஒரு வீடு அறுபது வருஷம் நிற்கும், ரேடியம் 1,600 வருஷத்தில்தான் பாதியாகும், அந்த வீட்டை இடித்த மண் இன்னொரு மனைக்குப் போகும். பட்டாவில் வில்லங்கம் பார்க்கிற மாதிரி இதற்கும் ஒரு பதிவு இருந்தால்தான் முப்பதாவது வருஷம் வாங்குகிறவருக்கு எது எங்கே கிடக்கிறது என்று தெரியும்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தைப் போட இடம் இருக்கிறதோ இல்லையோ, உங்கள் தூத்துக்குடி நிருபரிடம் ஒரு வேலை சொல்லுங்கள். சாம்பல் ஏற்றுகிற இடத்துக்குப் போய் லாரிக்காரர் கையில் கொடுக்கிற டெலிவரி சீட்டை வாங்கிப் பார்க்கட்டும், அதில் எடை, வண்டி எண், நேரம் தவிர வேறு என்ன எழுதியிருக்கிறது என்று. அப்படியே ஆலை நிர்வாகத்திடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திடமும், கடைசியாக எந்த மாதம் எந்தக் குவியலை எந்த ஆய்வகத்தில் சோதித்தார்கள், ரேடியம், தோரியம், பொட்டாசியம் மூன்றுக்கும் என்ன எண் வந்தது என்று எழுத்தில் கேட்கட்டும். பதில் வந்தால் அந்த மூன்று எண்ணையும் முதல் பக்கத்தில் வேண்டாம், மாவட்டச் செய்திப் பக்கத்திலேயே போடுங்கள், வகுத்துக் கூட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு சிவில் இன்ஜினியர்,
பாளையங்கோட்டை.